பாலக்கரை என்று கூவிய கேப்டன்

எங்கள் கிளப்பில் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பஸ் ஸ்டாப்பிங் உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது கேப்டன். சீசனின் முதல் நாள் பயிற்சி முடிந்ததும் தன்னோடு தடுப்பாட்டம் ஆடும் மூவரையும் கோல்கீப்பரையும் மட்டும் கோல் வலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "இந்த வருஷம் தென்னூர்." அவ்வளவுதான் கூட்டம்.

அதன் பிறகு ஆட்டத்தில் எப்போது "தென்னூர்!" என்று அவர் குரல் எழுந்தாலும் அவரும் மூவருமாக நால்வரும் ஒரே நொடியில் இரண்டு எட்டு முன்னால் போக வேண்டும். நம் கோலுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் எதிரணி ஃபார்வர்ட் அப்போது தனியாக நிற்பான். பந்து அவனுக்கு வரும். லைன்ஸ்மேனின் கொடி உயரும். தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்குவது தப்பாட்டம், ஆஃப்சைடு. நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் கொடி உயராது. அவன் கோலை நோக்கித் தனியாக ஓடுவான். ஆட்டக்காரர்கள் வருடா வருடம் கிளப் மாறுகிறார்கள், போகும்போது ரகசியத்தையும் எடுத்துப் போய்விடுகிறார்கள். அதனால்தான் சீசனுக்கு ஒரு ஸ்டாப்பிங்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமலை. கொள்ளிடம் எஃப்.சி.யின் கேப்டன். அவருடைய அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவெறும்பூருக்குப் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளி விடுமுறை நாட்களில் வீரமலை அந்த பஸ்ஸின் பின்படிக்கட்டில்தான் இருப்பாராம். அப்பாவுக்குத் தொண்டை கட்டிய நாளில் ஸ்டாப்பிங் பெயர்களைக் கூவுவது மகன் வேலை. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும் குரல் அப்படி வந்தது என்பார்.

நான் அந்தக் கிளப்பில் வீடியோ எடுக்கிறேன். சொந்த ஊர் லால்குடிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. "பந்து வெளையாடுறவங்கள படம் புடிக்கவா மூணு வருஷம் படிச்ச?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். நான் கேமராப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் சின்ன கிளப் எங்களுடையது. மாநில லீக்கில் இரண்டாவது டிவிஷன். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டிப் பயிற்சி மைதானம். கோலுக்குப் பின்னால் ஒரு சின்ன மைக் வைத்து, கேலரியில் கேமராவோடு நிற்பேன். ஆட்டம் முடிந்ததும் கோச் சித்தார்த்தன் கேட்கும் இடங்களை வெட்டிக் கொடுப்பேன்.

இந்த வருடம் கிளப்பின் ஆண்டு மலரில் கேப்டனைப் பற்றி ஒரு வாழ்க்கைச் சித்திரம் எழுதச் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் சேர்ந்து, வேறு எங்கும் போகாமல், முப்பத்தாறு வயதிலும் ஆடுகிற மனிதர். "விசுவாசம், தைரியம், அதெல்லாம் வர்ற மாதிரி எழுதும்மா" என்றார் கோச். இரண்டு பக்கம் போதும் என்றார். நான் எழுதியது இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. மலரிலும் வரவில்லை.

வீரமலையின் ஆட்டத்தை எழுதுவது சுலபம். வானத்தில் வருவதெல்லாம் அவருக்கு. எதிரணி கோல்கீப்பர் உதைத்த பந்து நடுமைதானத்தைத் தாண்டி இறங்கும்போது, எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, அவர் மட்டும் அதன் அடியில் போய் நின்று நெற்றியால் திருப்பி அனுப்புவார். பயிற்சியிலும் அப்படியே. மழையில் ஊறிய பந்தானாலும் ஒதுங்க மாட்டார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வெட்டும்போது அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். நீளமான சத்தம் அல்ல. மூடிய கதவில் ஒருமுறை முட்டியது போல. முதலில் பிடித்திருந்தது. பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் ஒலியைக் குறைக்க ஆரம்பித்தேன். ஏன் குறைக்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் திண்டுக்கல்லில் ஓர் ஆட்டம். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் கோலுக்குள் தள்ளினார் வீரமலை. அதே நொடியில் எதிரணிக்காரனின் தலையோடு மோதி விழுந்தார். எழுந்தார். கை தட்டினார்கள். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர் திரும்பிக் கேட்டார்.

"யாருடா அடிச்சது கோலு?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. "கேப்டன் தன் வாயால சொல்ல மாட்டாராம், நம்ம வாயால கேக்கணுமாம்" என்றான் சின்னையன். வலது பக்கத் தடுப்பாட்டக்காரன், அணியில் எல்லோருக்கும் இளையவன். "நீங்கதாண்ணே! சிலை வெச்சிரலாமா?"

வீரமலையும் சிரித்தார். மணப்பாறை தாண்டியதும் மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த கோல்கீப்பர் ரெஜிஸ் மட்டும் அந்த இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார். வெயிலே இல்லாத அந்த நேரத்தில் திரையையும் இழுத்துவிட்டார்.

ரெஜிஸ் மேலப்புதூர்க்காரர். வீரமலை சேர்ந்த அடுத்த வருடம் கிளப்புக்கு வந்தவர். பழைய ஆட்களில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவர் முடிப்பார்.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் மாலினி ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதிக்காரர். மறுநாளே கோச்சிடம் போய் நின்றார். "சார், தலையில அடி பட்டிருக்கு. ரெண்டு தடவை ஒரே கேள்வி கேட்டிருக்கார். மூணு வாரமாவது உக்காரணும்."

"மூணு வாரமா? கிரவுண்டுலயே டாக்டர் பாத்து சரின்னுட்டாரே."

"அன்னிக்குப் பார்த்தார் சார். அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை."

ஒரு ஆட்டம் உட்கார வைத்தார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம். அடுத்த ஆட்டத்துக்கு வீரமலை தானே வந்து ஷூ மாட்டினார். யாரும் தடுக்கவில்லை.

தென்னூர் போன வருடத்தது. இந்த சீசனின் ஸ்டாப்பிங் காட்டூர். அக்டோபரில் மதுரை அணியோடு எங்கள் ஊரில் ஆட்டம். முதல் பாதியில் மதுரைக்காரன் நீளமாக ஒரு பந்து போட்டான். எங்கள் தடுப்பு வரிசையில் வீரமலை மட்டும் முன்னால் பாய்ந்தார். மற்ற மூவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஃபார்வர்ட் தனியாகப் போனான். ரெஜிஸ் வெளியே ஓடிவந்து அவன் காலடியில் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தார். பிழைத்தோம்.

மூவர்மேலும் கோச்சுக்குக் கோபம். அந்த இடத்தை வெட்டிக் கொடுக்கச் சொன்னார். ஹெட்போனில் கேட்டேன். வீரமலையின் குரல் தெளிவாக இருந்தது: "பாலக்கரை!"

மறுநாள் மைதானத்துக்கு வெளியே இருந்த டீக்கடையில் ரெஜிஸிடம் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அது அவன் கேப்டன் ஆன வருஷத்து ஸ்டாப்பிங். அப்ப அவனும் பானுவும் புதுசா கல்யாணமாகி பாலக்கரையில மாடி வீட்டுல இருந்தாங்க. வாய் தவறிடுச்சு."

"நீங்க மட்டும் எப்படிண்ணே சரியான நேரத்துல வெளிய வந்தீங்க?"

"எனக்குத்தான் பாலக்கரை தெரியுமே." சிரித்தார். பிறகு, "கோச்சுக்கு சத்தம் இல்லாம குடும்மா அந்தக் கிளிப்ப" என்றார்.

சத்தமில்லாமல்தான் கொடுத்தேன். கோச் எப்போதும் படத்தை மட்டும்தான் கேட்பார், சத்தம் கேட்க மாட்டார் என்பதும் உண்மை.

அந்த வாரம் சித்திரம் எழுதுவதற்காகத் திருவெறும்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணிக்கு வீடு மாலை போல இருட்டாக இருந்தது. ஜன்னல்களில் கெட்டியான போர்வை. நான் பேனாவை எடுத்ததும் சுவிட்சைத் தேடினேன்.

"லைட்டு வேணாம்மா, அவருக்கு ஆகாது" என்றார் பானுப்ரியா. வீரமலையின் மனைவி.

வீரமலை நன்றாகப் பேசினார். அப்பாவின் பஸ், கைலாசபுரம் மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டம், காலணி இல்லாமல் ஆடிய வருடங்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் யார் பந்து போட்டது, யார் தவறவிட்டது என்று நேற்று நடந்தது போலச் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கோலைச் சொல்லும்போது நாற்காலியில் இருந்து எழுந்து காட்டினார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்து, "எங்க விட்டேன்?" என்றார். சொன்னேன். தொடர்ந்தார்.

கிளம்பும்போது பானுப்ரியா வாசல் கேட்வரை வந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வாரம் அடுப்புல பால வெச்சுட்டு கடைக்குப் போனேன். பாத்துக்கங்கன்னேன். வந்து பாத்தா பொங்கி, அணைஞ்சு, கேஸ் வாசனை. அவரு அடுப்பு முன்னாடிதான் நிக்கிறாரு. நின்னுக்கிட்டே இருக்காரு. என்னன்னு கேட்டா என்மேல எரிஞ்சு விழறாரு. முன்னாடி ஒரு வார்த்த கடிஞ்சு பேச மாட்டாரும்மா." என் பக்கம் திரும்பினார். "கிரவுண்டுல சரியா இருக்காரா?"

"நல்லாத்தான்க்கா ஆடுறாரு."

அது பொய் இல்லை. அவர் ஆட்டம் குறையவில்லை. ஆனால் பானுப்ரியா கேட்டது ஆட்டத்தைப் பற்றியா என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். காட்டூர் வந்தது. அரியமங்கலம் வந்தது. கண்டக்டர் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டு வந்தார். 

மறுநாள் மாலினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால், சுவர், பாலக்கரை. அவர் முகம் மாறவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

"ஸ்கேன் எடுக்க வரச் சொன்னேன். வரேன் வரேன்கிறார், வர மாட்டேங்கிறார். நான் சொன்னா கோச் கேக்க மாட்டார், அவருக்கு டிவிஷன் ஏறணும். கிரவுண்டுல அவர் கீழ விழுந்தா மட்டும்தான் என் கைக்கு வருவார். அப்போ நான் கேக்கற மூணு கேள்விக்குப் பதில் தப்பா வந்தா, ரெஃப்ரி முன்னாடியே வெளிய அனுப்பிடுவேன். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." பெருமூச்சு விட்டார். "ஆனா இதுவரைக்கும் ஒரு தடவை கூடத் தப்பா சொல்லலை. அதுதான் எனக்குப் புரியலை."

அது எப்படி என்று எனக்கு அன்று மாலையே தெரிந்தது. பழைய ஆட்டம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். வீரமலை தரையில் உட்கார்ந்திருக்கிறார். மாலினி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்கிறார்: ஸ்கோர் என்ன, இது எந்தப் பாதி, போன ஆட்டம் யாரோடு. மாலினியின் முதுகுக்குப் பின்னால் ரெஜிஸ் நிற்கிறார். கையுறை போட்ட வலது கையில் இரண்டு விரல். இடது கையில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு வாயசைப்பு. வீரமலையின் கண் மாலினியின் தோளுக்கு மேலேயே இருக்கிறது. நான் அந்தக் காட்சியை முன்பே எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். கோல்கீப்பர் விரலை நீவி விடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு மேலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பயிற்சி முடிந்து கோச்சும் வீரமலையும் கிளம்பியதும் ரெஜிஸ் மற்ற தடுப்பாட்டக்காரர்களை டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்.

"தென்னூர்னா?"

"போறோம்."

"உறையூர்?"

"போறோம்."

"பாலக்கரை?"

"அண்ணே, பாலக்கரை சீசன்ல நான் ஸ்கூல் பையன்" என்றான் சின்னையன். "எங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டுதான் பாலக்கரைக்குப் போவேன்."

"இப்ப என் கையப் புடிச்சிக்கிட்டுப் போடா. டோல்கேட்?"

"அது எந்த வருஷம்ணே?"

"பாலக்கரைக்கு அடுத்த வருஷம். நானும் அவனும் இளவட்டமா ஆடுன வருஷம். இத்தன வருஷத்துல அவன் எத வெச்சானோ அத்தனையும் உங்களுக்குத் தெரியணும். அவன் எதக் கூவினாலும் போகணும். யோசிக்கக் கூடாது."

"டெர்மினஸ்னு கூவினா எறங்கிடலாமாண்ணே?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜிஸும் சிரித்தார்.

அந்தக் கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போனேன்.

"அண்ணே, மாலினி மேடம் முதுகுக்குப் பின்னாடி நீங்க காட்டுற விரல வீடியோவுல பாத்தேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. "அவன் இந்த வருஷத்தோட நிறுத்தறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கான். கடைசி ஆட்டம் இன்னும் மூணு வாரம். ஜெயிச்சா முதல் டிவிஷன். பதினேழு வருஷம் இங்க கெடந்து அவன் பாக்காத ஒரே விஷயம் அதுதான். பாத்துட்டு எறங்கட்டுமே."

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நான் பின்னாடிதானே நிக்கிறேன்."

 அன்று வீட்டில் உட்கார்ந்து சித்திரத்தில் 'நட்பு' என்று ஒரு பத்தி எழுதினேன். அடித்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. ஒருவர் கீழே விழாமல் தாங்குவதும், அவர் விழுந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாமல் மறைப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. படித்தவள் என்கிறார்கள். எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை. மறுநாள் மாலினியிடம் விரல்களைப் பற்றிச் சொல்லப் போனேன். ரெஜிஸ் அங்கே கட்டிலில் படுத்திருந்தார், தோளுக்கு ஒத்தடம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார் மாலினி. "ஒண்ணுமில்ல மேடம், சாயங்காலம் சொல்றேன்" என்று திரும்பினேன். சாயங்காலம் சொன்னேன். மாலினி ஒத்தடத் துணியை மடித்து வைத்தார். "இனிமே நான் கேக்கறச்சே யாரையும் பின்னாடி நிக்க விட மாட்டேன்" என்றார்.

கடைசி ஆட்டம் அண்ணா ஸ்டேடியத்தில். தூத்துக்குடி அணி. ஜெயித்தால் நாங்கள் மேலே. சமனில் முடிந்தால் அவர்கள். பானுப்ரியா முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார், எனக்குக் கீழே மூன்றாவது வரிசையில். குடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மழை இல்லை.

இருபதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதன் பிறகு அவர்கள் நீளப் பந்துகளாகப் போட ஆரம்பித்தார்கள். வீரமலை ஒவ்வொன்றாகத் தலையால் திருப்பினார். ஹெட்போனில் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆட்டம் நடக்கும்போது ஒலியைக் குறைக்க முடியாது.

"காட்டூர்!" வரிசை முன்னால் போனது. கொடி.

"தென்னூர்!" வரிசை போனது. கொடி.

"பாலக்கரை!" கொடி.

தூத்துக்குடிக்காரர்கள் குழம்பிப்போனார்கள். அவர்களுடைய கோச் எழுந்து கத்தினார். கேலரிக்கு நேர் கீழே எங்கள் பெஞ்சில் சித்தார்த்தன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா, ஒவ்வொரு தடவையும் மாத்துறான்! என்ன மூளைடா இவனுக்கு!" கேலரியில் யாரோ "அடுத்து சமயபுரமா?" என்று கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் அது தந்திரம் இல்லை என்று அறிந்தவர்கள் சிலர்தான். அவர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். 

இரண்டாவது பாதியில் வெளிச்சம் மங்கி, விளக்குகளைப் போட்டார்கள். வீரமலை கையை நெற்றிக்கு மேல் வைத்து விளக்கைப் பார்த்தார். பிறகு புல்லைப் பார்த்தார். ரெஜிஸ் பின்னாலிருந்து "வீரா! வீரா!" என்று கூப்பிடுவது மைக்கில் கேட்டது. அவர் திரும்பவில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். நடுமைதானத்தில் பந்து அவர்கள் காலில். வீரமலை கையை உயர்த்தினார்.

"டோல்கேட்!"

மூவரும் யோசிக்காமல் முன்னால் பாய்ந்தார்கள், சொல்லிக்கொடுத்தபடியே. வீரமலை போகவில்லை. அவர் கூவிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். வரிசை தன்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸைத் தவறவிட்டவர் பார்ப்பது போல. கொடி உயரவில்லை. அவர்களுடைய ஃபார்வர்ட் பந்தோடு தனியாக வந்தான்.

ரெஜிஸ் கோலை விட்டு வெளியே ஓடி வந்தார். ஃபார்வர்ட் அவரைத் தாண்டிக் காலியான கோலைப் பார்த்து முழு பலத்தோடு உதைத்தான். அந்த நொடியில்தான் வீரமலைக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். திரும்பினார், நாலு எட்டு ஓடினார், தன்னைத் தூக்கி எறிந்தார். காலை நீட்டியிருக்கலாம். தலையைத்தான் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

ஹெட்போனைக் கழற்றி வீசினேன். சத்தம் அதில்லாமலும் கேட்டது.

பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தது. ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. பானுப்ரியா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ரெஃப்ரி விசிலடித்தார். மாலினி ஓடினார். நான் கேமராவை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி வேலிவரை இறங்கினேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. வீரமலை எழுந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம்.

"கேப்டன், என்னைப் பாருங்கோ. ஸ்கோர் என்ன?"

வீரமலை அவருடைய தோளுக்கு மேல் பார்த்தார். ரெஜிஸ் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மாலினிக்கு அது தெரியும். திரும்பி அவரை விரட்டவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன், "ரெஜிஸே முடிவு பண்ணட்டும்னு தோணித்து" என்றார்.

ரெஜிஸின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின. வலது கை மெல்ல உயர்ந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். அவர் வீரமலையின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் தன் விரலுக்காக மட்டும் காத்திருப்பதைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கி, கையுறை போட்ட இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"ஸ்கோர் என்ன, கேப்டன்?" மாலினி மறுபடி கேட்டார்.

"கையக் காட்டுடா" என்றார் வீரமலை. மெதுவாக, நண்பனிடம் தண்ணீர் கேட்பது போல.

ரெஜிஸ் தலையை ஆட்டினார்.

"டேய். கையக் காட்டுடா ரெஜிசு."

"மாட்டேன்டா."

மாலினி எழுந்து ரெஃப்ரியைப் பார்த்தார். ஆளை மாற்றச் சொல்லி, பெஞ்சைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினார். சித்தார்த்தன் என்னவோ கத்தினார். ரெஃப்ரி அவரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தியதும் அடங்கினார். வீரமலையின் கையிலிருந்து கேப்டன் பட்டையை ரெஜிஸ் கழற்றினார். கழற்றும்போது வீரமலை அவரைத் திட்டியது எனக்குக் கேட்டது. எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

மிச்ச நிமிடங்களில் தடுப்பு வரிசை குரல் இல்லாமல் நின்றது. கடைசி நிமிடத்தில் நீளமாக ஒரு பந்து வந்தது. பெஞ்சில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த வீரமலை சட்டென்று எழுந்தார்.

"காட்டூர்!"

சரியான ஸ்டாப்பிங். சரியான நொடி. சின்னையன் குரல் வந்த திசையில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அந்த நொடி போதும். கோல். ஒன்றுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் ரெஜிஸ் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. "அவன விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று சித்தார்த்தன் மாலினியிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். கடைசியில் வீரமலை சரியாகக் கூவியதும் விழுந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று வீரமலை அடம்பிடித்தார். மாலினியின் காரில் கிளம்பினோம். சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தார். முன்சீட்டில் பானுப்ரியா. பின்னால் வீரமலை நடுவில், ஒரு பக்கம் ரெஜிஸ், இன்னொரு பக்கம் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு நான். ரெஜிஸ் இன்னும் கையுறைகளைக் கழற்றவில்லை.  வீரமலை ஒரே ஒரு தடவை, "ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டார். பானுப்ரியா திரும்பாமல், "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வீரமலை அதையே மறுபடி கேட்டார்.

பாலக்கரை சிக்னலில் சிவப்பு விழுந்தது. இரு பக்கமும் கடை விளக்குகள். வீரமலை கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து வெளியே பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஓரமா நிறுத்துங்க. வீடு வந்துடுச்சு."

மாலினி கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"பாரு, மாடியில லைட்டு எரியுது. பானு முழிச்சிருக்கா."

பானுப்ரியாவின் தோள்கள் குலுங்கின.  நானும் குனிந்து பார்த்தேன். கடைகளுக்கு மேலே ஒரு மாடியில் உண்மையாகவே விளக்கு எரிந்தது. யாரோ ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீரமலை என்னைத் தாண்டிக் கதவுப் பிடியை எட்டினார். ரெஜிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இல்லடா."

"ஸ்டாப்பிங் இதுதாண்டா. எறங்கணும்."

"இல்லடா வீரா. இன்னும் போகணும்."

வீரமலை தன் கையைப் பிடித்திருந்த கையுறையைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவற்றில் ஏதோ சொல்லப்படப் போகிறது என்பது போல. ரெஜிஸ் பிடியை விடவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் பச்சையாகியிருந்தது.